ஒரு வேகப் படகும் நாலு புரொப்பெல்லரும்

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற படகு இல்லத்தில் இப்போது உதவிப் பொறியாளராக இருக்கிற செல்வி மேடம். வயதில் என் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் நாற்காலிக்கு ஒரு மரியாதை உண்டே, அதனால் மேடம்தான்.

“ஐயா, நம்ம பழைய ஸ்பீடு போட்டுக்கு மறுபடியும் இஞ்சின் மாத்தியிருக்கோம். இந்தத் தடவை ஆறு சிலிண்டர். முழு வேகத்துல சுத்து மீட்டர் ஆறாயிரத்தைத் தாண்டுது. இருபத்திமூணாம் நம்பர் புரொப்பெல்லர் போடவா, இருபத்தஞ்சு போடவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன்.”

நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற ஆள் இல்லை. அது என் வீட்டுக்காரிக்குத் தெரியும், செல்வி மேடத்துக்குத் தெரிய நியாயமில்லை. “மீட்டருக்குப் பின்னால பாத்தீங்களா மேடம்?” என்று கேட்டேன். “பின்னால என்னய்யா இருக்கு?” என்றார். அதைப் போனில் சொல்லி மாளாது. கழற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். முப்பது வருஷ வேலையில் நான் பட்ட அவமானங்களில் உருப்படியான அவமானம் அது ஒன்றுதான்.

அணையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிளவக்கல் பக்கம், மலையடிவாரம், அம்புட்டுதான். துறையின் பெயரையும் சொல்ல மாட்டேன், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம், பெயர் வேலுச்சாமி. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஊரிலேயே ஒரு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து ஆறு வருஷம் ஓட்டினேன். மில்லில் வேலை பார்த்தவன் காது ரெண்டு விதமாகக் கெட்டுப்போகும். ஒன்று, எதுவுமே கேட்காது. இல்லையென்றால் எல்லாமே கேட்கும். எனக்கு ரெண்டாவது. பக்கத்து வீட்டு மிக்ஸியில் பேரிங் போய்விட்டதை நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவேன். சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளவும் செய்வேன்.

மில்லில் ஷிப்ட் குறைந்ததும் படகுத் துறைக்கு மனுப் போட்டேன். நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். கிணற்றில் தெரியும் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். கடற்கரையில் மூன்று மாதப் பயிற்சி. அதில் ஒரு நாள் மத்தியானம் மீட்டர்கள் பற்றிப் பாடம். அன்றைக்குச் சாப்பாட்டில் கறிக்குழம்பு. பாடம் நடந்தது, நானும் இருந்தேன், கண் மட்டும் திறந்திருக்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல ஊர் சுற்றிவிட்டு வீட்டுப் பக்கமே மாற்றல் வாங்கி வந்தபோது எனக்கு மேலே இருந்தவர் வரதன் சார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலை ஒட்டின தெருவில் வீடு. காலையில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல், ஏழரை பஸ்ஸுக்கு ஏறுவார். சட்டைப் பையில் ஒரு பென்சில், ஓர் ஆறங்குல ஸ்கேல். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

“அளந்தீரா?”

பெல்ட் தொய்ந்திருக்கிறது என்று சொன்னால், “அளந்தீரா?” எண்ணெய் குறைகிறது என்றால், “அளந்தீரா?” ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், லீவு வேண்டும் என்று போனில் கேட்டேன். அதற்கும் அதே கேள்விதான். அன்றைக்கே தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்து வீட்டில் மாட்டிவிட்டேன்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் ஆயுத பூஜை. எங்கள் ஷெட்டில் ஸ்பேனர் முதல் ஸ்பார்க் பிளக் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். வைத்த சந்தனத்தைச் சுரண்டக் கூடாது. தானாக உதிரும்வரை விட்டுவிட வேண்டும். ஒரு வருஷம் நான் மீட்டர் ஒன்றுக்குக் கண்ணாடியில் பொட்டு வைத்துவிட்டேன். “ஓய், கண்ணாடியில வச்சா எண்ணை எப்படிப் படிப்பீர்? பின்பக்கமா வையும்” என்றார். சரியான பேச்சுத்தானே. பின்பக்கமாகவே வைத்தேன்.

இப்போது படகுக்கு வருகிறேன். பதினெட்டடி ஃபைபர் படகு, ஸ்டெர்ன்டிரைவ். அதாவது இஞ்சின் படகுக்கு உள்ளேயே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், காலும் புரொப்பெல்லரும் மட்டும் வெளியே தண்ணீரில் தொங்கும். அதிலிருந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஒரு கோடையில் சூடேறி, சுற்றவே முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. தலைமை அலுவலகத்தில் படகையே கழித்துக்கட்டச் சொன்னார்கள். வரதன் சார் விடவில்லை. படகின் உடம்பு நல்லாயிருக்கிறது, நாலு சிலிண்டர் இஞ்சின் போட்டாலே ஆறு பேரை இழுக்கும் என்று கணக்குப் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அந்தக் காகிதம் போய்த் திரும்ப ரெண்டு வருஷம். அதுவரை மீட்டர்களையெல்லாம் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். நடுவில் ரெண்டு ஆயுத பூஜை வந்து போனது.

இஞ்சின் வந்தது. பொருத்தினேன். பழைய மீட்டர்களை அப்படியே எடுத்து மாட்டினேன். உடனே ஒரு கடிதமும் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வு அதிகாரி வருகிறார். ஆறு பேரோடு படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடி, இஞ்சின் புத்தகத்தில் சொன்ன சுற்றைத் தொட வேண்டும். தொடாவிட்டால் படகும் இஞ்சினும் ஏலத்துக்கு. பெடல் படகு மட்டும் இருந்தால் போதும்.

பெடல் படகுக்கு மெக்கானிக் எதற்கு? சைக்கிள் கடைக்காரர் போதுமே. என்னைச் சென்னைக்கும் வடக்கே ஒரு கடற்கரைப் பட்டறைக்கு மாற்றுவதாக முடிவு. அந்த வருஷம்தான் என் மகள் பிளஸ் டூ. நான் வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் வீட்டுக்காரி முத்துலட்சுமி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், “பிள்ளையப் படிப்புக்கு நடுவுல இழுத்துக்கிட்டு நான் எங்கயும் வரல. நீங்க போயிட்டு வாங்க. திரும்பி வரும்போது யாருன்னு சொல்லிட்டு உள்ள வாங்க.” வரதன் சாருக்கும் ஓய்வுக்குப் பதினொரு மாதம்தான் பாக்கி. முப்பத்திமூன்று வருஷத்தில் சிவப்பு மை படாத பதிவேடு அவருடையது.

ஆக, எல்லாம் ஒரு புரொப்பெல்லரில் வந்து நின்றது.

புரொப்பெல்லரில் ரெண்டு எண் பொறித்திருக்கும். முதலாவது குறுக்களவு. ரெண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னால் போகும் என்கிற கணக்கு. மரத்தில் திருகாணி அப்படியே போகும், தண்ணீர் வழுக்கும், அதனால் கொஞ்சம் குறையும். பிட்ச் கூடினால் இஞ்சினுக்குப் பாரம் கூடும், சுற்று குறையும். பிட்ச் குறைந்தால் இஞ்சின் லேசாகச் சுற்றும். ரொம்பக் குறைத்தால் கண்ணு மண்ணு தெரியாமல் சுற்றிச் சீக்கிரம் செத்துப்போகும். எங்கள் புது இஞ்சினுக்குப் புத்தகத்தில் சொல்லியிருந்தது நிமிஷத்துக்கு நாலாயிரத்து நானூறிலிருந்து நாலாயிரத்து எண்ணூறு. முழு த்ராட்டிலில், அதாவது வேகப் பிடியைக் கடைசிவரை தள்ளி, வழக்கமான ஆள் பாரத்தோடு, அந்த இடைவெளிக்குள் எது கொண்டுபோய் நிறுத்துகிறதோ அதுதான் சரியான புரொப்பெல்லர். வேறு ரகசியம் கிடையாது. ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் இருநூறு சுற்று ஏறும்.

படகில் பழைய இருபத்தொன்று பிட்ச் இருந்தது. தூத்துக்குடி கடைக்காரர் ஒருவரிடம் பேசி, சரிப்படாததைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில், பத்தொன்பதும் பதினேழும் பஸ்ஸில் வரவழைத்தேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்சலை இறக்கிய கண்டக்டர், “டேபிள் ஃபேன்னாலும் இம்புட்டுக் கனமாவா இருக்கும்?” என்று கேட்டார். ஆமாம், தண்ணிக்குள்ள காத்து வாங்க என்றேன்.

ஆள் பாரத்துக்கு என்ன செய்வது? நானும் சாரும் ரெண்டு பேர். இன்னும் நாலு பேர் வேண்டும். மணல் மூட்டை போடலாம் என்றேன். “மூட்டை திருப்பத்துல சாயாது, ஆள் சாய்வா. ஆள்தான் வேணும். எல்லா ஓட்டத்துக்கும் அதே ஆள். எடை மாறினா கணக்கு மாறும்” என்றார் சார். சுந்தரபாண்டியத்திலிருந்து தென்னந்தோப்பு வேலைக்கு வருகிற பேச்சியம்மா அக்காவையும் அவர் கூட வரும் மூன்று பெண்களையும் கூலிக்குப் பேசினேன். சார் அவர்களைப் பக்கத்துக் கிட்டங்கியில் புளி நிறுக்கிற தராசில் ஏற்றி, ஒவ்வொருவராக எழுதிக்கொண்டார்.

“சாமி, நாங்க என்ன புளி மூட்டையா?” என்றாள் பேச்சியம்மா.

“புளி பேசாது. மத்தபடி எடை எடைதான்” என்றார் சார், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

திங்கட்கிழமை இருபத்தொன்றோடு ஓடினோம். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் புரொப்பெல்லரில் கை வைக்க வேண்டும், அது சாரின் சட்டம். முழு த்ராட்டில் கொடுத்து, காற்றோடு ஒரு தடவை, காற்றுக்கு எதிராக ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. மூன்றின் சராசரியைச் சார் எழுதினார். ரெண்டாயிரத்து அறுநூறு. படகு தொட்டிலில் போட்ட பெரிய ஆள் மாதிரி எழும்பவே மாட்டேன் என்றது. “பாரம் ஜாஸ்தி, குறையும்” என்றார். பனங்கட்டையை இறக்கைக்கு அண்டைக் கொடுத்து நட்டைக் கழற்றினேன். தண்டில் கிரீஸ் தடவி, வாஷரை மறக்காமல் போட்டு, பத்தொன்பதை மாட்டினேன். ரெண்டாயிரத்து எண்ணூற்று எழுபது.

செவ்வாய்க்கிழமை பதினேழு. படகு நாலு விநாடியில் எழும்பியது. நெஞ்சு தூக்காமல், குலுங்காமல், வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே ஒரு சந்தோஷம். பேச்சியம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தம்பி, இது நல்லாப் போகுது. இதையே வச்சுக்கிடுங்க” என்றாள். மீட்டரைப் பார்த்தேன். மூவாயிரத்து நூற்று முப்பது.

“நாலாயிரத்து நானூறு எங்கே, இது எங்கே?” என்றார் சார். “ஓய், இன்னொரு விஷயம். ரெண்டு அங்குலம் குறைச்சா நானூறு ஏறணும். உமக்கு இருநூத்தெழுபதுதானே ஏறறது? ஏன்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், “அணைத் தண்ணி கனம் சார்” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டார். இதற்கு நடுவில் இன்னொரு கூத்தும் செய்திருந்தேன். சும்மா நிற்கும்போது இஞ்சின் எழுநூறில் ஓட வேண்டும். மீட்டர் ஐநூறுகூடக் காட்டவில்லை. திருகித் திருகி எழுநூறுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அதற்குப் பிறகு கியர் போடும்போதெல்லாம் டொக்கென்று ஓர் உதை விழும். புது கியர், பழகவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் பதினைந்து வந்து இறங்கியது. அதே கண்டக்டர். “அந்த ஃபேன் ஓடலையா?” என்றார். பார்சலைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் ஓட்டினோம். த்ராட்டிலைத் தள்ளியதும் இஞ்சின் அலறியது பாருங்கள், கரையில் மேய்ந்த ஆடெல்லாம் ஓடிவிட்டது. படகோ செவ்வாய்க்கிழமை போனதைவிட மெதுவாகத்தான் போனது. மீட்டர் மூவாயிரத்து நானூறைக் காட்டிக்கொண்டு சாதுவாக நின்றது. சார் எழுதினார். “அடுத்து பதிமூணு” என்றார்.

அப்போதுதான் பேச்சியம்மா வாயைத் திறந்தாள். “தம்பி, நான் இந்தத் தோப்பு வேலைக்கு வாரதுக்கு முந்தி மில்லுல பன்னெண்டு வருசம் நூத்தவ. அங்க ஒரு மிஷினு இப்படிக் கத்துனா மேஸ்திரி ஓடியாந்து நிறுத்திப்புடுவாரு. நீரு என்னடான்னா இன்னும் கத்து, இன்னும் கத்துங்கீரு. உமக்குக் காது கேக்குமா, கேக்காதா?”

மில் ஃபிட்டரைப் பார்த்து ஒரு மில்காரி கேட்கிற கேள்வியா அது. எனக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் எனக்குக் கேட்டது. திங்கட்கிழமையிலிருந்தே கேட்டது. இது மூவாயிரத்துச் சத்தம் இல்லை என்று காது கத்திக்கொண்டே இருந்தது. அளந்தீரா, அளந்தீரா என்று கேட்டே என் காதை அடக்கிவைத்திருந்தார் இந்த மனுஷன்.

கரைக்கு வந்ததும் சொன்னேன். “சார், இஞ்சின் ஐயாயிரத்துக்கு மேல ஓடுது. பதிமூணு போட்டா வெடிச்சுரும்.”

“மீட்டர் மூவாயிரத்து நானூறுங்கறதே?”

“என் காது ஐயாயிரங்குது சார்.”

“காது சாட்சி செல்லாது ஓய்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். “பல்லி சத்தம் கேட்டாக்கூட அளந்தீரான்னு கேக்கீக. சரி. இந்த மீட்டர யாரு அளந்தா?”

பேச்சியம்மா கூட்டம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சார் நோட்டை மூடினார். பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். போச்சு, மாற்றல் உத்தரவு வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று நினைத்தேன்.

“நியாயம்” என்றார். “அளந்துட்டு வாரும்.”

ராஜபாளையத்தில் சுற்றை அளக்க ஆளுக்கா பஞ்சம்? மில்லுக்கு மில் கையில் பிடிக்கிற டேக்கோமீட்டர் இருக்கும். ரப்பர் முனையைச் சுற்றுகிற தண்டின் நடுவில் அழுத்தினால் எண் காட்டும். என் பழைய மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருந்த சுப்புராஜு என் கூட்டாளி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். விஷயத்தைச் சொன்னதும், “ஏமிரா, அணையில நூல் நூக்கப் போறியா?” என்று சிரித்தான். கருவியை மட்டும் கொடு என்றேன். கொடுக்க மாட்டேன், கூட வருவேன் என்றான். அது அவன் கருவி, யார் கையிலும் விட மாட்டான்.

வியாழக்கிழமை காலை படகைக் கரையில் கட்டி, இஞ்சின் மூடியைத் திறந்துவைத்தோம். சார் த்ராட்டிலைப் பிடித்துக்கொண்டு மீட்டரில் சரியாக ஆயிரத்தில் நிறுத்தினார். சுப்புராஜு கட்டிக்கொண்டிருந்த லுங்கியை இறுக்கிவிட்டுக் குனிந்து, கிராங்க் புல்லியின் நடுவில் ரப்பர் முனையை அழுத்தினான்.

“ஆயிரத்து ஐநூறு” என்றான்.

சார் மீட்டரை ரெண்டாயிரத்துக்கு ஏற்றினார். “மூவாயிரம்” என்றான் சுப்புராஜு.

சார் இஞ்சினை அணைத்தார். நோட்டை எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்துக் கேட்டார், “ஆறை நாலால வகுத்தா என்ன ஓய் வரும்?”

“ஒண்ணரை சார்.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பழைய இஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், புது இஞ்சினுக்கு நாலு. அந்தக் கறிக்குழம்பு மத்தியானம் என் நினைவுக்கு வந்தது. மீட்டருக்குப் பின்னால் நாலு, ஆறு, எட்டு என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், இஞ்சினுக்கு ஏற்றபடி அதைத் திருப்ப வேண்டும் என்று யாரோ தூரத்தில் சொன்ன மாதிரி இருந்தது.

மீட்டரைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க ரெண்டு வருஷச் சந்தனம். காய்ந்து, கல்லாகி, நடுவில் குங்குமப் பொட்டு. திருகு இருந்த இடமே தெரியவில்லை. மாட்டும்போதும் இதைப் பார்த்தேன், சாமி காரியம் என்று கும்பிட்டுவிட்டு மாட்டினேன்.

மூன்று நாளாக நான் மூன்றில் ஒரு பங்கு சுற்றைச் சந்தனத்துக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு புரொப்பெல்லரைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. “சார், பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. நான் தூங்கிட்டேன்” என்றேன். சுப்புராஜு சிரிக்கப் பார்த்தான், சார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“சந்தனத்தை அங்க வைக்கச் சொன்னது யாரு?” என்றார் சார்.

“நீங்கதான் சார்.”

“அப்போ தப்பு ஆளுக்குப் பாதி. சுரண்டும்.”

எனக்குக் கை வரவில்லை. சுரண்டக் கூடாது என்று வருஷா வருஷம் சொன்னவரே அவர்தான். தயங்கினேன்.

“சுரண்டும் ஓய். கேட்டா நான் சொன்னேன்னு சொல்லும்.”

“யாரு சார் கேப்பா?”

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிற திசையைப் பார்த்தார். அங்கிருந்து கோபுரம் தெரியாது, இருந்தாலும் பார்த்தார். “கேக்கறவா கேப்பா” என்றார். நான் மீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். உள்ளே திருகின் அம்பு ஆறைக் காட்டிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. நாலுக்குத் திருப்பினேன். சும்மா ஓட்டத்தையும் நிஜ எழுநூறுக்கு இறக்கினேன், கியரில் விழுந்த உதை நின்றுபோனது.

பதினேழை மறுபடியும் மாட்டினோம். பேச்சியம்மா கூட்டத்தை ஏற்றி ஓடினோம். நாலாயிரத்து எழுநூறு. மூன்று ஓட்டத்திலும் அதேதான். “செவ்வாக்கிழமையே நான் இதத்தான சொன்னேன்” என்றாள் பேச்சியம்மா. “எங்க பேச்ச எந்த மீட்டருல ஏத்துவீக?” சார் அவளைக் கும்பிட்டார். நிஜமாகவே கை எடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல உருப்படியான உடம்பு. சார் அவரை நேராகப் புளித் தராசுக்குக் கூட்டிப்போனார். ஏறுங்கள், எடை சரியாக இருந்தால்தான் சோதனை செல்லும் என்றார். அந்த மனிதர் ஜீப் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் மலையைப் பார்த்தார். ஏறினார். அவர் ஒருவர் எடைக்குப் பேச்சியம்மா கூட்டத்தில் ரெண்டு பேரைக் கரையில் இறக்கிவிட வேண்டியிருந்தது. படகு எழும்பியது, நாலாயிரத்து எழுநூறைத் தொட்டது. படகுக்குள்ளே அதிகாரிக்கு விளக்கம் சொன்னது நானோ சாரோ இல்லை. “இருபத்தொண்ணு இழுக்காது சாமி, பதினஞ்சு கத்தும். பதினேழுதான் இதுக்குக் கண்டு வச்சது” என்று பேச்சியம்மாவே முடித்துவிட்டாள்.

படகு தப்பியது. என் மாற்றலும் போச்சு. ஆனால் அந்த அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. கரைக்கு வந்ததும் நோட்டைக் கேட்டார். நாலு புரொப்பெல்லர், நாலு நாள், முதல் மூன்று நாளும் தப்புத் தப்பாக எண்கள். “இது எப்படி நடந்தது? மீட்டரைப் பொருத்தினது யார்?” என்று என்னைப் பார்த்தபடியே கேட்டார். மகள் முகம் முன்னால் வந்தது.

“அறிக்கை எழுதி வச்சிருக்கேன்” என்று சார் ஒரு தாளை நீட்டினார். அவர் படித்த பிறகு நானும் எட்டிப் படித்தேன். மீட்டர் தவறாகக் காட்டியது. காரணம், அதன் பின்புறம் சந்தனத்தால் மறைந்திருந்தது. சந்தனத்தைப் பின்புறம் வைக்கவும், சுரண்டாமல் விடவும் உத்தரவிட்டது நான். கீழே கையெழுத்து. என் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

அதிகாரி போன பிறகு சாரிடம் போய் நின்றேன். “சார், ஆளுக்குப் பாதின்னீங்களே?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் பையிலிருந்து பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “உம்ம பாதியை உம்ம பொண்ணு பரீட்சை முடிஞ்சப்புறம் வாங்கிக்கறேன்” என்றார்.

அடுத்த மாதம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முப்பத்திமூன்று வருஷத்தில் முதல் சிவப்பு மை. ஓரத்தை ஸ்கேலால் அளந்து துளை போட்டு, கோப்பில் சேர்த்தார். “ஒரு குங்குமப் பொட்டுன்னு வச்சுக்குவோம்” என்றார். என் மகள் பரீட்சை எழுதினாள், பாஸானாள், இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. என் பாதியை அவர் கேட்கவே இல்லை. நானும் பலதடவை பேச்சை எடுத்துப் பார்த்துவிட்டேன். சிரித்துவிட்டு, பி.பி. எவ்வளவு, அளந்தீரா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

நேற்று செல்வி மேடம் திரும்பக் கூப்பிட்டார்கள். குரல் இறங்கியிருந்தது.

“ஐயா, மீட்டரைக் கழட்டிப் பாத்துட்டேன். பின்னால சந்தனமா இருக்கு. கண்ணாடியில வச்சா எண் தெரியலைன்னு நாந்தான் பின்பக்கம் வைக்கச் சொன்னேன். போன பூஜையில வச்சது.”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கும். “அதுக்கு அடியில ஒரு திருகு நாலைக் காட்டிக்கிட்டு இருக்கும். அதை ஆறுக்குத் திருப்பிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. புரொப்பெல்லர் ஆர்டரைப் பொறவு போடலாம்” என்றேன்.

“சுரண்டணுமே ஐயா. பூஜைச் சந்தனம், இங்க யாரும் கை வைக்க மாட்டேங்கிறாங்க. மேல இருந்து ஆய்வுக்கு வேற வாராங்க, மூணு நாள் தப்பா ஓட்டியிருக்கோம், யார் பொறுப்புன்னு கேட்டா...” பேச்சு பாதியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷமாக என் பாதி எங்கே காத்துக்கிடந்தது என்று.

“நீ சுரண்டும்மா” என்றேன். மேடம் என்று வாயில் வரவில்லை. “மாட்டும்போது பின்னால பாருன்னு நான் உனக்கு எழுதி வச்சிட்டுப் போயிருக்கணும். போகல. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

“யார் கேட்டா ஐயா?”

“யாரு கேட்டாலும்.”